கண்டக்டரின் காபி டம்ளர்

கேள்வி: என் கணவருக்கு வயது 68. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாக பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறார். நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டால், "ஸ்டாப்பிங் வந்தாச்சு, இறங்குறவங்கல்லாம் இறங்குங்க" என்கிறார். நாங்கள் சிரிப்போம், அவர் முகம் மட்டும் கல்லாக இருக்கும். போகப் போகப் புத்தி மாறிவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். மலச்சிக்கல் இருக்கிறது. காபி குடிக்கும்போது அவ்வப்போது புரையேறும். கையெழுத்து எறும்பு மாதிரி சிறுத்துவிட்டது. தூக்கத்தில் உதைக்கிறார். மருமகன் பூனைக்காலிப் பொடி என்று ஒரு நாட்டு மருந்து வாங்கி வந்திருக்கிறார், கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, ஏழெட்டு விஷயம் எழுதியிருந்தாலும் நீங்கள் கேட்க வந்தது ஒன்றுதான். உள்ளே அதே மனுஷன்தான் இருக்கிறாரா? இருக்கிறார்.

சிரிப்பு வந்தால் முகம் தானாக மலர்கிறது. யாரும் யோசித்துக் கன்னத்தை இழுப்பதில்லை. நடக்கும்போது கை வீசுவது, கண் இமைப்பது, எச்சில் விழுங்குவது எல்லாமே இப்படித் 'தானாக' நடப்பவை. இவற்றை ஓட்டுவதில் டோபமைன் என்ற மூளை ரசாயனத்துக்குப் பெரிய பங்கு. மூளையில் அது குறைவதுதான் பார்க்கின்சன். உங்கள் வீட்டுக்காரரிடம் ஜோக் உள்ளே தயாராகிவிடுகிறது, வாய் வரைக்கும்கூட வந்துவிடுகிறது, முகத்துக்குத்தான் தகவல் போவதில்லை. "என் மேல என்ன கோபம்னே தெரியல டாக்டர்" என்று என் அறையில் அழுத மனைவிமார்கள் உண்டு. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குக் கோபமே இல்லை. இனி அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், சொல்லைக் கேளுங்கள். அந்த 'ஸ்டாப்பிங்' ஜோக்கில் இடமும் நேரமும் கச்சிதம். அதைப் படித்த பிறகு அவர் புத்தியைப் பற்றி எனக்குக் கவலை வரவில்லை.

1817-ல் இந்த நோயை விவரித்து எழுதிய லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன், அறிவு கெடுவதே இல்லை என்றார். அது கொஞ்சம் அதிகப்படியான நம்பிக்கை. வருடங்கள் ஓட ஓடப் பலருக்கு மறதியும் சேர்ந்துகொள்வது உண்டு. கூடத்தில் இல்லாத ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் சொன்னால் உங்கள் நரம்பியல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவரை யூடியூபை மூடி வையுங்கள். அங்கே பேசுகிறவர் உங்கள் கணவரைப் பரிசோதித்ததில்லை.

நான் பேனாவை எடுத்துக் கோடு போட்டது வேறொரு வரியில். மலச்சிக்கலுக்கும் கையெழுத்துக்கும் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, "காபி குடிக்கும்போது அவ்வப்போது புரையேறும்" என்று, அங்கே. யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டிவிட்டுப் போகிற விஷயமில்லை இது. விழுங்குவதும் தானாக நடக்கிற வேலைதான் என்றேன். தொண்டைத் தசை மந்தமானால் காபி உணவுக்குழாய்க்குப் பதிலாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். சிலருக்கு இருமல்கூட வராது, சத்தமில்லாமல் இறங்கும். பிறகு நிமோனியா. பார்க்கின்சன் நோயாளிகளின் உயிரைப் பறிப்பதில் நிமோனியாவுக்குத்தான் முக்கிய இடம், கை நடுக்கத்துக்கு இல்லை.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். காபி குடித்து முடித்ததும் அவரை "ஆ..." என்று நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள். தொண்டையில் தண்ணீர் நிற்பது போலக் குரல் களகளத்தால் தாமதிக்கக் கூடாது. சாப்பாட்டு நேரம் இழுத்துக்கொண்டே போவது, எடை குறைவது, அடிக்கடி லேசான காய்ச்சல் வருவது, இவையும் அதே கணக்குதான். இவை எதுவும் இல்லாவிட்டாலும் இந்த மாதத்துக்குள் ஒரு ஸ்பீச் தெரபிஸ்டைப் பாருங்கள். பேச்சுக்கு மட்டுமல்ல, விழுங்கும் பயிற்சிக்கும் அவர்கள்தான். பெரிய ஆஸ்பத்திரிகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவை ஒட்டி இருப்பார்கள். காய்ச்சலோடு மூச்சிரைப்பும் சேர்ந்தால் மாதக் கணக்கு வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி.

அதுவரை? கும்பகோணத்துக்காரர், அதுவும் முப்பது வருடம் பஸ் ஸ்டாண்டு காபி குடித்தவர். டம்ளரை வாயில் வைத்தா குடிப்பார்? அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்வார், பந்தயம் கட்டுகிறேன். தலையைப் பின்னால் சாய்த்தால் மூச்சுக்குழாய்க்கு நாமே வழி திறந்துவிடுகிறோம். எச்சில் படாமல் குடிக்கும் ஆசாரத்துக்கு இன்றோடு முழுக்குப் போடச் சொல்லுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, டம்ளரை உதட்டில் வைத்து, ஒவ்வொரு மடக்காக. ரசம் சாதம்கூடத் தொல்லைதான்: தண்ணீர் ஒரு வேகத்தில் ஓடும், பருக்கை இன்னொரு வேகத்தில் வரும். குழையப் பிசைந்த சாதம் சுலபமாக இறங்கும். வாயில் சோறு இருக்கும்போது ஜோக்கும் கூடாது. அவர் சொல்வதும் சரி, நீங்கள் சொல்லி அவர் சிரிப்பதும் சரி.

பூனைக்காலிப் பொடி. இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். அதில் இருப்பதும் லெவோடோபாதான். அவர் விழுங்கும் மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்பது அட்டையிலேயே இருக்கிறது. மருமகன் கொண்டுவந்த டப்பாவில் ஸ்பூனுக்கு எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. அளவு மீறினால் உடம்பு முறுக்கி ஆடும், ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும், இல்லாத ஆட்கள் தெரிவார்கள். அப்போது நீங்கள் 'புத்தி மாறிவிட்டது' என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். பொடி வேண்டாம், அதை நம்பி மாத்திரையைத் திடீரென நிறுத்தவும் வேண்டாம். வாந்தி என்று மருந்துக்கடையில் கேட்டு மெட்டோகுளோபிரமைடு வாங்கிப் போட்டுவிடாதீர்கள். நடுக்கத்தை அது இன்னும் கிளப்பிவிடும்.

மற்றதெல்லாம் சில்லறை. எழுத்து சிறுப்பது நோயின் குணம். கோடு போட்ட தாளில் எழுதட்டும், பாங்கில் புதுக் கையெழுத்து கொடுத்துவிடுங்கள். தூக்கத்தில் கனவைத்தான் உதைக்கிறார், உங்களை அல்ல. கட்டிலோரம் இருக்கும் ஸ்டூலை நகர்த்துங்கள், அடுத்த முறை டாக்டரிடம் சொல்லுங்கள். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, நடை. லெவோடோபா மாத்திரை சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால்.

நிலைப்படியில் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். காலுக்கு முன்னால் தரையில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டு வையுங்கள். தானாக எழும்பாத கால், கண்ணில் படும் கோட்டைத் தாண்டச் சொன்னால் பல சமயம் எழும்பும். காதில் விழும் தாளத்துக்கும் அப்படித்தான். அவர் "இறங்குறவங்க இறங்குங்க" என்றதும் நீங்கள் பின்னாலிருந்து, "எல்லாரும் இறங்கியாச்சு, ரைட் ரைட்!" என்று குரல் கொடுத்துப் பாருங்கள். பழைய விசில் வீட்டில் எங்காவது கிடந்தால் அதையும் ஊதலாம். ஒரு விசிலுக்கு நிற்க வேண்டும், இரண்டு விசிலுக்குக் கிளம்ப வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.