சி நிரலில் சூழல் மாறிகள்: கேட்டதும் சொன்னதும்

சூழல் மாறி என்பது ஓடும் நிரலோடு கூடவே வரும் 'பெயர்=மதிப்பு' ஜோடி. அதைப் பற்றி என்னிடம் கேட்டவையும் நான் சொன்ன பதில்களும் இவை.

கல்லூரி மாணவர்: அண்ணா, ஒரு ஃபங்ஷனுக்குள் பஃபரில் பெயரையும் மதிப்பையும் எழுதி, சூழல் மாறியை வைக்கும் புட்என்வுக்குக் கொடுத்தேன். அங்கேயே கெட்என்வ் செய்து மதிப்பைப் படித்தால் சரியாக வருகிறது. பிறகு என் நிரல் ஓட்டும் இன்னொரு நிரலில், அதாவது சைல்ட் ப்ராசஸில், குப்பை வருகிறதே?

புட்என்வ் நீங்கள் கொடுத்ததைப் பிரதி எடுக்காது தம்பி. அதன் முகவரியை மட்டும் என்விரான் என்ற மாறிகளின் பட்டியலில் செருகி வைக்கும். உங்கள் பஃபர் இருப்பது ஸ்டாக்கில், ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவகத்தில். ஃபங்ஷன் முடிந்ததும் அந்த ஸ்டாக் இடத்தில் அடுத்த ஃபங்ஷன் குடியேறிவிடும். பட்டியலோ பழைய விலாசத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ஃபங்ஷன் முடிந்தாலும் இடம் நிலைக்கும்படி பஃபருக்கு முன்னால் ஸ்டாடிக் போட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள். அதே பஃபரில் அடுத்த மாறியை எழுதிப் பாருங்கள், முதல் மாறி காணாமல் போயிருக்கும். மாறியை வைக்கும் இன்னொரு ஃபங்ஷனான செட்என்வ் தனக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொள்ளும். அதையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: செட்என்வ் 0 திருப்பித் தருகிறது, ஆனால் மதிப்பு மாறவில்லை.

மூன்றாவது ஆர்க்யுமென்ட் 0 கொடுத்திருப்பீர்கள். 'ஏற்கெனவே இருந்தால் தொடாதே' என்று அதற்குப் பொருள். தொடாமல் விட்டதும் வெற்றிக் கணக்குதான். பெயர் காலியாக இருந்தாலோ அதில் சமக்குறி இருந்தாலோ -1 வரும், நினைவகம் போதாவிட்டாலும் -1தான்.

கேள்வி: நிரலில் செட் செய்தேன். முடிந்தபின் ஷெல்லில் எக்கோ செய்தால் ஒன்றுமே இல்லை.

ஷெல்தான் பேரண்ட், அது ஓட்டிய உங்கள் நிரல் சைல்ட். சைல்ட் மாற்றுவது பேரண்ட்டுக்குப் போகாது. எந்த மொழியில் எழுதினாலும் போகாது.

கேள்வி: த்ரெட்டுகள் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பல வேலைகள்) ஓடும்போது செட்என்வ் கூப்பிடலாமா?

கூடாது. மெயினின் தொடக்கத்தில், முதல் த்ரெட் பிறக்கும் முன்பே செட் செய்து முடித்துவிடுங்கள். இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு சர்வர், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்டு செக்ஃபால்ட் ஆகி விழும். விழும்போது பதிவாகும் கோர் ஃபைலைத் திறந்தால் உச்சியில் கெட்என்வ், அதற்குக் கீழே கெட்அட்ரின்ஃபோ. எங்கள் கோடில் கெட்என்வ் என்ற சொல்லே கிடையாது! சர்வர் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் கெட்அட்ரின்ஃபோ உள்ளுக்குள் ரெஸ்_ஆப்ஷன்ஸ் போன்ற மாறிகளைத் தேடுகிறது. அதே நேரம் இன்னொரு த்ரெட், வாடிக்கையாளரின் ஊர் நேரத்தைக் காட்டுவதற்காக நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇஸட் மாறியைச் செட் செய்துகொண்டிருந்தது. புதிய மாறி சேரும்போது பட்டியலுக்கு இடம் போதாமல் ரீஅலாக் (பெரிய இடம் ஒதுக்குவது) நடக்கும், பட்டியல் வேறு இடத்துக்குப் போய்விடலாம். தேடிக்கொண்டிருந்த த்ரெட்டின் கையில் இருந்தது பழைய, விடுவிக்கப்பட்ட இடம். கடைசியில் நேரம் எழுதும் வேலையைத் தனி ப்ராசஸுக்கு மாற்றினோம்.

மியூடெக்ஸ் நண்பர்: சார், பயமுறுத்துகிறீர்கள். பத்து வருடமாக த்ரெட்டுக்குள்தான் கூப்பிடுகிறேன். மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு) போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் பூட்டு உங்கள் வீட்டுக் கதவுக்கு. உள்ளுக்குள் தாங்களே மாறிகளைப் படிக்கும் லோக்கல்டைமும் கெட்அட்ரின்ஃபோவும் அந்தக் கதவு வழியாக வருவதே இல்லை.

மியூடெக்ஸ் நண்பர்: லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி 2.41இல் கெட்என்வைச் சரிசெய்துவிட்டார்களே?

2025 ஜனவரியில் வந்தது அது. நிலைமை நன்றாகவே மேம்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உபுண்டு 24.04இல் இருப்பது 2.39, டெபியன் 12இல் 2.36. ஆல்பைன் லினக்ஸில் இருப்பது மஸ்ல் என்ற வேறு லைப்ரரி, ஜிலிப்சியே அல்ல. போசிக்ஸ் தரநிலை இன்றும் எந்த உத்தரவாதமும் தரவில்லை. ரஸ்ட் மொழிக்காரர்கள் 2024 எடிஷனில், சூழல் மாறியை வைக்கும் செட்_வார் ஃபங்ஷனை அன்சேஃப் (ஆபத்தானது) என்று ஆக்கியது சும்மாவா?

கேள்வி: அப்படியென்றால் ஃபோர்க் செய்த பிறகு (ப்ராசஸைப் பிரதியெடுத்துச் சைல்ட் உண்டாக்கிய பிறகு) சைல்டில் செட் செய்யலாமா?

த்ரெட்டுகள் உள்ள நிரலில் அதுவும் ஆபத்துதான். ஃபோர்க் ஆன நொடியில் வேறொரு த்ரெட் செட்என்வுக்குத் தேவையான உள்பூட்டைப் பிடித்திருந்தால், சைல்டில் அதைத் திறக்க ஆளே இருக்காது. செட்என்வ் அங்கேயே தொங்கி நிற்கும். ஃபோர்க்குக்கு முன்பே தேவையான மாறிகளைத் தனி அரேயில் அடுக்கி, பட்டியல் முடிந்தது என்று காட்டக் கடைசியில் ஒரு நல் (NULL) வைத்து, சைல்டில் புது நிரலை ஓட்டும் எக்ஸெக்விஇயின் மூன்றாவது ஆர்க்யுமென்ட்டாகக் கொடுங்கள். என்விரானைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: செட்என்வ் போட்டும் ஷெல்லில் தெரியவில்லை சார், அவசரம்.

மேலே பார்க்கவும்.

கேள்வி: பாஸ்வேர்டை மாறியில் வாங்கி, படித்ததும் அன்செட்என்வ் செய்து மாறியை நீக்குகிறேன். பாதுகாப்பா?

முழுக்க இல்லை. பட்டியலிலிருந்துதான் பெயர் போகிறது. ப்ராசஸ் தொடங்கியபோது வந்த எழுத்துகள் நினைவகத்தில் அப்படியே கிடக்கும். லினக்ஸின் ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸின் என்விரான் கோப்பை அதே பயனர் திறந்தால் படித்துவிடலாம். ஃபைலிலோ பைப்பிலோ வாங்குங்கள்.

கேள்வி: விண்டோஸில்?

என் துறை இல்லை. _புட்என்வ்_எஸ் என்று தேடுங்கள்.

கேள்வி: ஷெல்லில் எக்கோ செய்தால்...

அடுத்தது.

மியூடெக்ஸ் நண்பர்: சார், ஒரு சின்ன விஷயம். எங்கள் சர்வர் தானாக நின்றால் எழுப்பிவிட ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறோம். மாதம் இரண்டு மூன்று தடவை எழுப்புகிறது. நெட்வொர்க் பிரச்சினை என்று நினைத்திருந்தோம்.

கோர் ஃபைல் இருக்கிறதா? உச்சியில் எந்த ஃபங்ஷன் என்று பார்த்துச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.