பின்புத்தி யாருக்கு?

கேள்வி: சென்ற இதழில் இராக் போரையும், பயங்கரவாதிகள் என்று பிடித்தவர்களை அமெரிக்கா அடைத்து வைத்த குவாண்டனாமோ சிறையையும் பற்றி எழுதும்போது புஷ் அரசை வறுத்தெடுத்துவிட்டீர்கள். ஒரே காலையில் மூவாயிரம் பேரைப் பறிகொடுத்த நாடு அது. அந்தப் பதற்றத்தில் செய்ததையெல்லாம் இருபது வருடம் கழித்து ஏசி அறையில் உட்கார்ந்து குறை சொல்வது சுலபம். கையைக் கட்டிப்போட்டுவிட்டுச் சண்டை போடு என்றால் எப்படி? அதற்குப் பிறகு அங்கே அப்படியொரு தாக்குதல் நடக்கவே இல்லையே?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: எங்கள் அலுவலகத்தில் ஏசி கிடையாது. அது போகட்டும்.

‘இருபது வருடம் கழித்து’ என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. அன்றைக்கே சொன்னவர்கள் இருந்தார்கள். நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த மூன்றாம் நாள், 2001 செப்டம்பர் 14 அன்று, அதிபருக்குப் போர் அதிகாரம் தரும் தீர்மானம் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. ஆதரவு 420, எதிர்ப்பு 1. அந்த ஒருவர் கலிபோர்னியாவின் பார்பரா லீ. இலக்கு எது, முடிவு எங்கே என்று தெரியாமல் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுக்காதீர்கள் என்பதுதான் அவர் சொன்னது. கொலை மிரட்டல்கள் வந்து, போலீஸ் காவலோடு நடமாட வேண்டியதாயிற்று. அடுத்த மாதம், கண்காணிக்கவும் விசாரிக்கவும் அரசுக்குக் கூடுதல் அதிகாரம் தந்த பேட்ரியாட் சட்டம். பேட்ரியாட் என்றால் தேசபக்தன். செனட்டில் 98க்கு 1. இந்த ஒருவர் விஸ்கான்சினின் ரஸ் ஃபைன்கோல்ட். சட்டத்துக்குப் பெயர் வைத்தவரைப் பாராட்டத்தான் வேண்டும்: எதிர்த்து ஓட்டுப் போடுகிறவன் தேசபக்தன் இல்லை என்று பெயரே சொல்லிவிடுகிறது.

எதிர்க்கட்சிக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்பீர்கள். சரி, ராணுவத்தையே எடுத்துக்கொள்வோம். 2003 பிப்ரவரியில் தரைப்படைத் தலைமைத் தளபதி ஷின்செகி, இராக்கைப் பிடித்தபின் கட்டிக்காக்க லட்சக்கணக்கில் வீரர்கள் தேவைப்படுவார்கள் என்று செனட் குழுவிடம் சொன்னார். இரண்டே நாளில் பாதுகாப்புத் துறையின் துணைச் செயலர் வொல்ஃபோவிட்ஸ் அந்தக் கணக்கைத் தூக்கி எறிந்து பேசினார். பாக்தாத் விழுந்ததும் அருங்காட்சியகத்தைச் சூறையாடினார்கள். வாசலில் காவலுக்கு ஒருவரும் நிற்கவில்லை.

ஆப்கானிஸ்தானில் அல் கொய்தாவைத் தேடிப் போனதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் போரை ஒரு தட்டிலும் உரிமையை மறு தட்டிலும் வைத்து நிறுக்கிறீர்கள். இதில் கொஞ்சம் குறைத்தால் அதில் கொஞ்சம் பலம் கூடும் என்று கணக்குப் போடுகிறீர்கள். அந்தக் கணக்கு சரியா என்று பார்க்க, ஓர் ஆளின் கதை போதும்.

இப்ன் அல் ஷேக் அல் லிபி என்று ஒரு லிபியாக்காரர். 2001 கடைசியில் பாகிஸ்தானில் பிடிபட்டார். சி.ஐ.ஏ. அவரை எகிப்திடம் ஒப்படைத்தது. வக்கீல் கிடையாது, வழக்கு கிடையாது, ஆள் எங்கே என்று கேட்க நாதி கிடையாது. அங்கே தன்னைக் குறுகலான பெட்டியில் 17 மணி நேரம் அடைத்து வைத்தார்கள், அடித்தார்கள் என்று பின்னாளில் சொன்னார். இராக் அரசு அல் கொய்தாவுக்கு ரசாயன, கிருமி ஆயுதப் பயிற்சி கொடுத்தது என்ற ‘தகவல்’ இப்படிப் பிறந்தது. இந்த ஆள் விசாரிப்பவர்களை வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் போலிருக்கிறது என்று 2002 பிப்ரவரியிலேயே அமெரிக்க ராணுவ உளவு அமைப்பு எழுதி வைத்தது. யார் காதிலும் அது ஏறவில்லை. அக்டோபரில் அதிபரே இந்தக் கதையை மேடையில் சொன்னார். 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பாவெல், பிடிபட்ட ஒரு மூத்த பயங்கரவாதி சொன்னது என்று, ஆள் பெயரை விட்டுவிட்டு, உலகத்துக்கே வாசித்துக் காட்டினார். ஆறே வாரத்தில் பாக்தாத் மேல் குண்டு விழுந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அல் லிபி, அது அடி நிற்பதற்காகச் சொன்ன பொய் என்றார். ஆயுதம் தேடிப் போன அமெரிக்கக் குழுவும் அதே ஆண்டில், கையிருப்பு எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தது.

இதில் கையைக் கட்டிப்போட்டது யார்? அந்த ஆளை ஒரு நீதிபதி முன் நிறுத்தியிருந்தால் பொய் அங்கேயே உதிர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. எடுக்காத நகையை எடுத்தேன் என்று லாக்கப்பில் ஒப்புக்கொண்டவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று 1872லேயே வெள்ளைக்காரன் இங்கே சட்டம் எழுதி வைத்தான். நம் ஆட்கள் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் அதையும் தளர்த்தினார்கள். பேட்ரியாட் சட்டத்தில் புஷ் கையெழுத்துப் போட்ட அதே வாரம்தான் தில்லியில் பொடாவுக்கு முன்னோடியான பொடோ அவசரச் சட்டம் வந்தது. அப்புறம் திருமங்கலத்தில் பேசியதற்காக வைகோவை உள்ளே தள்ளியது பொடாதான். அதைக் கொண்டுவந்த கூட்டணியில் அவர் கட்சியும் இருந்தது என்பதை அவரே மறந்திருக்க மாட்டார்.

தாக்குதல் நடக்கவில்லையே என்கிறீர்கள். அமெரிக்கர்களின் போன் பதிவுகளை மொத்தமாக அள்ளிய திட்டத்தை அந்நாட்டின் தனியுரிமைக் கண்காணிப்பு வாரியம் 2014இல் ஆராய்ந்தது. நாட்டுக்கு வந்த மிரட்டல் எதிலும் விசாரணையின் முடிவை அந்தத் திட்டம் மாற்றியதாக ஓர் உதாரணம்கூட அகப்படவில்லை என்றது. போர் என்பது அதிபருக்குக் கொடுத்த, தொகை நிரப்பாத செக் அல்ல என்று 2004இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதிய சாண்ட்ரா டே ஓ’கானரும் புரட்சிக்காரர் இல்லை. ரீகன் நியமித்த நீதிபதி.

நீங்கள் சொல்லும் பதற்றம் எல்லாருக்கும் ஒரே மாதிரி மன்னிக்கப்படவும் இல்லை. 2004 ஏப்ரலில், இராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கச் சிப்பாய்கள் கைதிகளை வதைத்த படங்கள் வெளிவந்தன. அவற்றில் சிரித்துக்கொண்டு நின்ற சிப்பாய் சார்லஸ் கிரேனருக்குப் பத்தாண்டுச் சிறை. உடல் உறுப்பு செயலிழக்கும் அளவுக்கு வலி இருந்தால்தான் அது சித்திரவதைக் கணக்கில் வரும் என்று 2002 ஆகஸ்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தவர் நீதித் துறை அதிகாரி ஜே பைபீ. படங்கள் வெளியானபோது அவர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி. அது ஆயுட்காலப் பதவி.