மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவில்லை. இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து டோஸ் முடிவு செய்யக் கூடாதா?

கேட்டவர் ஆறு வாரமாக எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறார், மனசு கொஞ்சமும் லேசாகவில்லை. சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்துத்தானே மாத்திரையைக் கூட்டிக் குறைக்கிறார்கள், இதற்கு மட்டும் ஏன் இல்லை என்கிறார்.

மருந்தியல் வகுப்பு எடுப்பதால் இந்தக் கேள்வி எனக்கு வருடா வருடம் வரும். முதலில் ஒன்று: சர்க்கரைக்குப் பார்க்கும்போது நோயையே அளக்கிறோம். இங்கே அளக்க முடிவது மருந்தை மட்டும்தான். மனச்சோர்வு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் இரத்தப் பரிசோதனை இதுவரை கிடையாது.

மருந்தை அளந்து பலன் கண்ட கதையும் உண்டு. அது பழைய மனச்சோர்வு மருந்தான நார்ட்ரிப்டிலின் கதை. 1960களில் ஸ்வீடனில் மருந்தியல் ஆய்வாளர் ஃபோல்கே ஷோக்விஸ்ட் குழுவினர் ஒரே டோஸ் சாப்பிடுகிறவர்களின் இரத்தத்தைப் பார்த்தபோது, ஒருவருக்கும் இன்னொருவருக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தது. 1969-இல் இரட்டையர்களை வைத்துப் பார்த்தார்கள். ஒருகரு இரட்டையர்களுக்கு அளவு ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது. மற்ற இரட்டையர்களுக்கு அப்படி வரவில்லை. ஆக, காரணம் பரம்பரையில் இருக்கிறது. கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் சிவைபி2டி6 என்ற நொதி சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மந்தமாகவும் வேலை செய்கிறது என்பது பிற்பாடு தெளிவானது.

1971-இல் ஸ்வீடன் மனநல மருத்துவர் மரீ ஓஸ்பெர்க் வெளியிட்ட ஆய்வுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அளவு குறைவாக இருந்தவர்களுக்குக் குணம் தெரியவில்லை, அது எதிர்பார்த்ததுதான். அளவு மிக அதிகமாக இருந்தவர்களுக்கும் தெரியவில்லை! மில்லிலிட்டருக்கு சுமார் 50 முதல் 150 நானோகிராம் வரை இருந்தவர்களே நன்றாகத் தேறினார்கள். டென்மார்க்கில் இதை இன்னும் கறாராகச் சோதித்தார்கள். அளவு அதிகமாக இருந்து தேறாதவர்களில் ஒரு பகுதியினருக்கு டோஸைக் குறைத்ததும் அவர்கள் தேறினார்கள். கேட்கவில்லை என்றால் கூட்டு என்ற நம் வழக்கமான புத்திக்கு இது நேர் எதிர்.

இன்னொரு பழைய மனச்சோர்வு மருந்தான இமிப்ரமின் அப்படி இல்லை. அதையும், உடலுக்குள் அது மாறி உருவாகும் டெசிப்ரமினையும் சேர்த்து மில்லிலிட்டருக்கு 200 நானோகிராமைத் தாண்டினால் பலன் கூடுதல். மேலே போனால் பலன் குறைவதில்லை, பக்கவிளைவுதான் ஏறும். தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் சின்ன டோஸில் எழுதித் தருகிறார்களே, அந்த அமிட்ரிப்டிலினும் உடலில் நார்ட்ரிப்டிலினாக மாறுகிற சாமான்தான்.

இனி உங்கள் மாத்திரை. எஸ்சிட்டலோப்ராம் எஸ்எஸ்ஆர்ஐ வகை, அதாவது மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் வகை. இந்த வகை மருந்துகளில் இரத்த அளவுக்கும் குணத்துக்கும் இப்படி ஒரு தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. மருந்து மூளையில் எங்கே ஒட்டுகிறது என்று காட்டும் பெட் (PET) ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், வழக்கமான குறைந்த டோஸிலேயே செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் புரதங்களில் சுமார் 80 சதவீதம் அடைபட்டுவிடுகிறது. அதற்கு மேல் இரத்தத்தில் எவ்வளவு ஏறினாலும் அங்கே கூடுவது சொற்பம். தவிர, மாத்திரை இல்லாவிட்டாலும் தேறியிருக்கக்கூடியவர்கள், எந்த மாத்திரைக்கும் மசியாதவர்கள் என எல்லாரும் ஆய்வில் கலந்திருப்பதால், இருக்கிற கொஞ்சநஞ்சத் தொடர்பும் மங்கிப்போகிறது.

அதற்காகப் பரிசோதனையே வீண் என்று சொல்ல மாட்டேன். எஸ்சிட்டலோப்ராமைச் சிதைப்பதில் முக்கிய வேலை சிவைபி2சி19 நொதிக்கு. இந்த நொதி மிக வேகமாக இருப்பவர்களும் மிக மந்தமாக இருப்பவர்களும் ஒரு வருடத்துக்குள் வேறு மருந்துக்கு மாறுவது மற்றவர்களைவிட அதிகம் என்று 2018-இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று காட்டியது. சரியான டோஸில் துளியும் அசைவில்லை, சின்ன டோஸிலேயே தாங்க முடியாத பக்கவிளைவு, வயதானவர், நாலைந்து மருந்து சேர்த்துச் சாப்பிடுகிறவர் என்றால் பார்ப்பது நியாயம். நார்ட்ரிப்டிலினோடு எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகளான ஃப்ளுவாக்ஸெட்டினோ பராக்ஸெட்டினோ சேர்ந்தால் முன்னதன் அளவு எகிறும்; அங்கே கட்டாயம் பார்க்கலாம். மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா என்பதையும் இது காட்டிவிடும். டாக்டர்கள் வெளியே சொல்லாத காரணம் பல நேரம் இதுதான்!

உங்கள் விஷயத்தில், 10 மில்லிகிராமில் ஆறு வாரம் என்றால் டோஸை 20-க்கு உயர்த்துவதா, மருந்தை மாற்றுவதா என்ற பேச்சு முதலில் வரட்டும். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். டாக்டர் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால், ஒரே டோஸைக் குறைந்தது ஒரு வாரமாவது விடாமல் சாப்பிட்ட பிறகு, அன்றைய மாத்திரையைப் போடுவதற்கு முன்பு இரத்தம் கொடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு மாத்திரை போட்டீர்கள் என்பதை லேப் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அது இல்லாமல் வரும் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.