சுவருக்கு முட்டு

கேள்வி: எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர் காலத்துத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. கூர் முனை ஜன்னல், பலகைக் கூரை. அது கோதிக் பாணி என்று டீச்சர் சொன்னார். பாரிஸ் நோத்ரதாம் பேராலயத்தின் படத்தில் சுவருக்கு வெளியே கல் கைகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இங்கே அவை இல்லையே, அவை அழகுக்காக வைத்தவையா?
- மாணவி, பொகவந்தலாவை

பதில்: இல்லை மகள். அந்தக் கைகளை எடுத்தால் கட்டடமே நிற்காது.

நான் மேசன் வேலை பார்த்தவன், அப்பாவும் மேசன். எனக்குப் பதினேழு வயதிருக்கும்போது ஒரு அடைமழையில் எங்கள் லயத்துச் சுவர் வெளிப்பக்கமாக வயிறு தள்ளியது. அப்பா ஓடிப்போய் ஒரு மரக்கட்டையைச் சாய்வாக முட்டுக் கொடுத்தார். “சுவர் கீழ விழுறதில்லடா, வெளிய தள்ளிக்கிட்டுத்தான் விழும்” என்றார். உன் கேள்விக்கான விடை அந்த முட்டில்தான் இருக்கிறது.

உங்கள் தேவாலயத்துப் பலகைக் கூரை லேசானது, சுவரை அவ்வளவாகத் தள்ளாது. நோத்ரதாமில் ஓட்டுக்கூரை போல மேலே ஒரு மரக்கூரை, அதற்குக் கீழே கல்லாலேயே வளைத்துக் கட்டிய உட்கூரை. 2019 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்தபோது எரிந்தது மேலிருந்த மரம். கல் உட்கூரை சில இடங்களில் இடிந்தாலும் பெரும்பகுதி தாங்கி நின்றது. அவ்வளவு கல்லை முப்பது மீட்டருக்கு மேல் வளைத்து வைத்தால் அது இரண்டு பக்கச் சுவரையும் ஓயாமல் வெளியே தள்ளும்.

பழைய கொத்தர்கள் அதற்குச் சுவரைத் தடிப்பாக்கினார்கள். தடித்த சுவரில் பெரிய ஜன்னல் வைக்க முடியாது, உள்ளே இருட்டுத்தான். பாரிசுக்குப் பக்கத்தில் சான் தெனி மடத்தின் தலைவர் சூஜேருக்கு வேண்டியிருந்தது வெளிச்சம். அவர் எழுப்பி 1144இல் திறந்த பலிபீடப் பகுதியிலிருந்துதான் கோதிக் வளர்ந்தது.

கூர் முனை வளைவு அரைவட்ட வளைவைவிடப் பக்கவாட்டில் குறைவாகத் தள்ளும். உட்கூரையின் அடியில் குடைக் கம்பி மாதிரி ஓடும் கல் விலா எலும்புகள் பாரத்தைத் தூண்களுக்கு இறக்கும். மிச்சத் தள்ளலை வெளியே இருக்கும் முட்டு வளைவு வாங்கி, தள்ளி நிற்கும் கனத்த தூணுக்குக் கொடுக்கும். நீ பார்த்த கை அதுதான். அந்தத் தூணின் தலையில் கூம்பு மாதிரிச் சிறு கோபுரம் இருக்கும், கவனித்தாயா? காற்றுக்குத் தூக்காமல் லயத்துத் தகரத்தின் மேல் நாம் கல் வைப்போமே, அதுபோல அதுவும் பாரத்துக்காகத்தான். தள்ளல் தூணைச் சாய்க்காமல் கீழ்நோக்கித் திரும்பும்.

இப்போது சுவருக்கு வேலை குறைந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு நிறக் கண்ணாடி வைக்கலாம். 1194 தீக்குப் பிறகு கட்டிய ஷார்த்ர் பேராலயத்தின் நீலக் கண்ணாடி அப்படி வந்ததுதான். கல்லைப் பேசிக்கொண்டே இருக்கிறேன், ஆனால் அத்தனை கல்லும் அந்த வெளிச்சத்துக்காகத்தான் உழைக்கிறது.

கணக்குத் தப்பியும் இருக்கிறது. பிரான்சில் போவே நகரத்துப் பேராலயத்தில் 48 மீட்டர், ஏறத்தாழப் பதினைந்து மாடி உயரத்தில் உட்கூரை வைத்தார்கள். 1284இல் அதன் ஒரு பகுதி இடிந்தது. மறுபடி கட்டியபோது இடையிடையே கூடுதல் தூண்களை நிறுத்தினார்கள். அந்த மேசன்மாரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

நிறக் கண்ணாடியைப் பக்கத்திலேயே பார்க்க ஆசையிருந்தால், டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் வோர்லி தேவாலயத்துக்குப் போ. 1878இல் கட்டியது.

படத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் பூதங்களையும் நீ பார்த்திருப்பாய். பயப்படாதே, அவற்றில் பல வெறும் பீலிதான். கூரைத் தண்ணீர் சுவரில் வழிந்து சாந்தை அரிக்காமல், வாய் வழியாகத் தூரத்தில் கொட்டும். உங்கள் தேவாலயத்தில் கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று அடுத்த மழைக்குப் போய்ப் பார். சுவரின் காலடியில் விழுந்தால் உபதேசியாரிடம் உடனே சொல்.