போன் காட்டும் 310-ஐ அப்படியே நம்ப வேண்டாம்

வயது 42, திரை நிறம் மாறியதும் எவ்வளவு சீக்கிரம் தொடுகிறோம் என்று பார்க்கும் போன் டெஸ்டில் (ரியாக்ஷன் டைம்) 310 மில்லி செகண்ட் வருகிறது, இனி பைக் ஓட்டலாமா என்று பயந்து கேட்டிருக்கிறீர்கள். திரை நிறம் மாறுவதிலும், நீங்கள் தொட்டதைப் போன் உணர்வதிலும் கொஞ்சம் நேரம் போகும். அதுவும் உங்கள் கணக்கில்தான் ஏறுகிறது.

வீட்டில் 30 செ.மீ. ஸ்கேல் இருக்கிறதா? ஒருவர் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழே பூஜ்ஜியத்துக்கு நேராக உங்கள் விரல்களைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் விட வேண்டும். 20 செ.மீ.யில் பிடித்தால் சுமார் 200 மில்லி செகண்ட். 15 என்றால் 175. பத்து முறை செய்து சராசரி பாருங்கள். (என் முதல் இரண்டு முயற்சியில் ஸ்கேல் தரையில்தான் விழுந்தது.) சரியாகத் தூங்காத மறுநாளும் ஒருமுறை செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

பைக் கதை வேறு. குறுக்கே வருவது என்ன, பிரேக்கா, ஒதுங்குவதா என்று முடிவெடுக்கவே நேரம் பிடிக்கும். இளைஞருக்கும் ஒரு செகண்டைத் தாண்டுவது சகஜம். 60 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு செகண்டில் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். போனில் கூடிய 50, 60 மில்லி செகண்ட் அங்கே ஒரு மீட்டர்தான். முன்வண்டியோடு இடைவெளி விட்டால் சரி.

அப்புறம், தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரை எதுவும் சாப்பிடுகிறீர்களா?