சிங்கராஜாவுக்கு மூன்று நாள் போதுமா?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஒன்பது, பதின்மூன்று வயதில் இரண்டு பிள்ளைகள். பாடத்தில் மழைக்காடு வந்ததிலிருந்து நேரில் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஹபரணை வீதியில் பார்க்கிற காடும் மழைக்காடுதானா? டிசம்பர் விடுமுறையில் மூன்று நாள் கிடைக்கும். சிங்கராஜா, நுவரெலியா, எல்ல மூன்றையும் பார்த்துவிட்டு வரலாமா? 65 வயது அம்மாவும் வருவார். அட்டைக்கடிதான் எல்லோருக்கும் பயம்."

அன்புள்ள சகோதரிக்கு,

ஹபரணை வீதிக் காடு மழைக்காடு இல்லை. பாலை, வீரை, முதிரை, கருங்காலி நிற்கிற உலர்வலயக் காடு அது. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மோதி, மழையை மேற்குப் பக்கம் கொட்டிவிட்டு, வெறும் சூடாக நம் பக்கம் இறங்குகிறது. வைகாசி, ஆனியில் நம்மை வாட்டுகிற கச்சான் காற்று அதுதான். திருகோணமலைக்கு வருடத்துக்குச் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில். தென்மேற்கே ஈரவலயத்திலுள்ள சிங்கராஜா மழைக்காட்டில் 3,600 முதல் 5,000 வரை பெய்கிறது. முற்றாகக் காய்ந்த மாதம் என்று அங்கே ஒன்று இல்லை.

இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் கையில் பிடித்தே பார்க்கலாம். புறப்படும் முன் ஒரு பாலை இலையைக் காட்டுங்கள். சின்னது, தடிப்பானது, நுனி கூராக இல்லாமல் லேசாக உள்வாங்கியிருக்கும். நீரை இழக்காமல் கோடையைத் தாண்டுகிற இலை அது. சிங்கராஜாவில் பாதையில் உதிர்ந்து கிடப்பவற்றைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். பலவற்றின் நுனி நீண்டு ஒடுங்கி, விழுந்த மழை சட்டென்று வடிந்துபோகிற மாதிரி இருக்கும். பாடப்புத்தகம் சொல்கிற 'காலநிலைக்கு ஏற்ற இசைவாக்கம்' அவர்களுக்கு அங்கேயே விளங்கிவிடும்.

அடுத்தது பயணம். மூன்று இடம் வேண்டாம். போக ஒரு முழுப் பகல், வர ஒரு முழுப் பகல். மிஞ்சுவது நடுவில் ஒரே ஒரு நாள். அதையும் நுவரெலியா வீதியில் வானுக்குள் கழித்தால் பிள்ளைகளுக்கு வாந்திதான் மிஞ்சும். அந்த நாளைச் சிங்கராஜாவுக்கே கொடுங்கள். நுவரெலியாவையும் எல்லவையும் இன்னொரு பயணத்தில் சேர்த்துப் பார்க்கலாம்.

காட்டுக்குள் போக ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள் உண்டு. நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குக் குடாவ வாசல் நல்லது. வானில் விடியமுன் புறப்பட்டு தம்புள்ளை, குருநாகல், கேகாலை, அவிசாவளை, இரத்தினபுரி வழியாகக் கலவானைக்குப் போய், வெத்தாகல தாண்டினால் குடாவ. பஸ் என்றால் கண்டிக்குப் போய் இரத்தினபுரி பஸ் பிடிக்க வேண்டும். அம்மாவுடன் அது களைப்பு. இரண்டு இரவும் கலவானைக்கும் குடாவவுக்கும் இடையில் தங்குங்கள். இரத்தினபுரியில் தங்கினால் விடியற்காலையை வீதியிலேயே இழந்துவிடுவீர்கள்.

குடாவவைச் சொல்வதற்கு அம்மாவும் ஒரு காரணம். 1970களில் ஒட்டுப்பலகைக்காக இந்தக் காட்டில் மரம் தறித்தார்கள். மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு 1977இல் அது நின்றது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் காடு சேர்ந்தது. அன்று மரம் இழுக்கப் போட்ட பாதைதான் இன்று வாசலிலிருந்து ஆராய்ச்சி நிலையம் வரை நடக்கிற பாதை. அகலமானது, பெரிய ஏற்றம் இல்லை. முழங்கால் நோவு இருந்தாலும் ஆறுதலாக நடக்கலாம். காட்டுக்குள் இருக்கிற மௌலவெல்ல சிகரத்துக்கு மட்டும் ஏறாதீர்கள். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அவரிடம் தொடக்கத்திலேயே "ஆராய்ச்சி நிலையப் பாதை மட்டும், மெதுவாகப் போவோம், குருவி பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள்.

இங்கே யானை, சிறுத்தை எதிர்பார்த்துப் போகக்கூடாது. இதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிவையுங்கள். யானை என்றால் ஹபரணை நமக்குப் பக்கம்தானே. அதை வேறொரு சனிக்கிழமை பார்க்கலாம். மழைக்காட்டில் அரைமணி நேரம் ஒன்றுமே தென்படாமல் போகும். அப்புறம் திடீரென்று கலகலவென்று ஒரு சத்தம் கேட்கும். செம்மஞ்சள் அலகுள்ள தவிட்டுக்குருவிகளின் கூட்டம் அது. உடனே நின்றுவிடுங்கள். அவை இலைகளைக் கிளறக் கிளறப் பூச்சிகள் பறக்கும்; அவற்றைப் பிடிக்கக் கொண்டைக் கரிச்சான் கூடவே வரும்; பருந்து தெரிந்தால் முதலில் கத்துவதும் அதுதான். இந்தக் காவலை நம்பிப் பல இனக் குருவிகள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரை தேடுகின்றன. நிலத்தை ஒட்டிச் சில, நடுக்கிளையில் சில, உச்சியில் சில. நீல உடலும் செம்பழுப்புத் தலையும் சிவந்த அலகுமாக இலங்கை நீல மக்பை என்கிற பறவை வந்தால் அது பெரிய அதிர்ஷ்டம். சில நிமிடத்தில் எல்லாம் கடந்துபோய்விடும். வேகமாக நடக்கிறவர்கள் இதைத் தவறவிட்டு, "ஒன்றும் இல்லை, வெறும் மரம்" என்று திரும்பி வருகிறார்கள். எனக்கு அதுதான் கவலை. வெயில் விழுகிற பாதையோரங்களில் பூச்சி பிடிக்கிற குடுவைச் செடியையும் தேடுங்கள். அந்த இனம் இலங்கைக்கே உரியது. குடுவைக்குள் எட்டிப் பாருங்கள், பிய்க்க வேண்டாம்.

அட்டைக்கு வருவோம். கட்டாயம் இருக்கும், ஆபத்தானது இல்லை. நீளக் காற்சட்டையை உள்ளே விட்டு, முழங்கால்வரை வரும் அட்டைச் சொக்ஸ் போட்டு, அதற்கு மேல் சப்பாத்து. சொக்ஸில் சவர்க்காரத்தைக் காய்ந்தபடியே தேய்த்துவிடலாம். நிற்கும் இடத்தில் காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் வெடுக்கென்று இழுக்காமல், வாய்ப்பக்கம் நகத்தைக் கொடுத்து மெல்லத் தள்ளுங்கள். நெருப்பு வைக்க வேண்டாம். அதன் உமிழ்நீர் இரத்தம் உறைவதைத் தடுப்பதால் கொஞ்ச நேரம் கசியும். கழுவி, அழுத்திப் பிடித்து, பிளாஸ்டர் ஒட்டினால் சரி. சொறிந்து புண்ணாக்கினால்தான் தொல்லை. அம்மா இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் என்றால் மட்டும் முன்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள்.

டிசம்பர் சரியா? முதல் பாதி வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் அங்கேயும் பின்னேர இடிமழை கடுமை. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை ஓரளவு குறையும். அப்போதும் மழைக்கோட்டு வேண்டும், காலையிலேயே நடந்து முடிக்க வேண்டும். அந்த நாட்களில் சிக்கல் நம் பக்கத்தில்தான்: வங்கக் கடலில் தாழமுக்கம் வந்தால் வீதிகளில் வெள்ளம் ஏறிவிடும். ஆகவே வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பையும், இரத்தினபுரி மாவட்டத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையையும் முதல்நாள் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் யோசிக்காமல் தள்ளிப்போடுங்கள். தங்குமிடம் பதியும்போதே திகதி மாற்ற விடுவார்களா என்று கேட்டுவையுங்கள். தைப்பொங்கலை ஒட்டி இரண்டு நாள் லீவு எடுக்க முடிந்தால், டிசம்பரைவிட அதுவே நல்ல நேரம்.