இரண்டு பேர் எதற்கு என்று டாக்டர் கேட்டால்

டாக்டர் பேசுவதைக் காது கேட்கும் கூட்டாளி சைகையில் சொல்ல, அதைக் காது கேளாத நோயாளிக்கு விளங்கும்படி மாற்றிச் சொல்லும் காது கேளாத மொழிபெயர்ப்பாளர் நீங்கள். உங்களைப் பார்த்து டாக்டர் "இரண்டு பேர் எதற்கு?" என்றார், காது கேட்கும் கூட்டாளியே எல்லாவற்றையும் முடித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் கோபம்தான் வந்தது.

அடுத்த முறை உள்ளே போகுமுன் கூட்டாளியிடம் பேசிவிடுங்கள். முதலில் நாற்காலி. நீங்கள் டாக்டர் பக்கத்தில், நோயாளியைப் பார்த்தபடி. கூட்டாளி நோயாளிக்குப் பின்னால், உங்கள் கண்ணில் படும்படி. அப்போது நோயாளி உங்களைத்தான் பார்ப்பார், அவர் சொல்வதும் உங்கள் வழியாகத்தான் போகும்.

டாக்டருக்கு ஓர் உதாரணம் போதும். சிறுவயதில் சைகை மொழியே கிடைக்காமல் வளர்ந்தவருக்கு 'மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின்' என்பதை அப்படியே சைகையில் சொன்னால் விளங்காமல் போகலாம். சூரியன் எழுவது, உச்சிக்கு வருவது, சாய்வது. ஒவ்வொன்றிலும் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுவது என்று நடித்துக் காட்டி, அவரையே திருப்பிச் செய்யச் சொல்ல வேண்டும். அது உங்களுக்குக் கைவந்த வேலை. "மருந்து தப்பாகிவிடக் கூடாது, அதற்குத்தான் இருவர்" என்று சொல்லுங்கள்.

நேரம் கூடுதலாகும், அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். கட்டணத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இருவருக்கும் ஒரே தொகை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.